இலவசமாக வைக்கிறார்கள், சரி, பேட்டரி தீர்ந்தால்?

கேள்வி: என் தம்பிக்கு வயது 36. பதினான்கு வருடமாக ஓசிடி, அதாவது ஒரே சந்தேகமும் சரிபார்ப்பும் திரும்பத் திரும்ப வரும் மனநோய். அடுப்பை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா என்ற சந்தேகம்தான் முக்கியமாக. அடுப்பை அணைத்துவிட்டு அந்தத் திருகைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வான். அப்புறம் அந்தப் படம் இன்றைக்கு எடுத்ததா, நேற்று எடுத்ததா என்று சந்தேகம் வரும்; திரும்பப் போய் இன்னொரு படம். போன் முழுக்க அடுப்புத் திருகுதான். வேலையை விட்டு ஆறு வருடம் ஆகிறது. ஐந்து வகை மாத்திரை, இரண்டு இடத்தில் கவுன்சிலிங் எல்லாம் பார்த்தாகிவிட்டது. இப்போது ஓர் ஆய்வுக் குழு, மூளைக்குள் மின்கம்பி வைக்கும் ஆராய்ச்சியில் அவனைச் சேர்த்துக்கொள்ளத் தயார் என்கிறது. ஆபரேஷன், கருவி எல்லாம் இலவசம். 28 பக்கப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். பொருத்திய பிறகு முதல் மூன்று மாதம் பாதிப் பேருக்கு மின்சாரமே வராதாம். அப்பா, "மூளையில கம்பி வச்சா அப்புறம் அவன் அவனா இருப்பானா?" என்கிறார். அம்மா உடனே செய்யலாம் என்கிறார். தம்பியோ, "எதுவானாலும் சரி, எங்க கையெழுத்துப் போடணும்னு காட்டுங்க" என்கிறான். அக்காவாக நான் என்ன சொல்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை 'இலவசம்' என்ற சொல்லில் நின்றுவிட்டேன். மனநல மருத்துவராக இப்படிப்பட்ட கருவிகளைப் பொருத்தும் குழுவில் சில வருடங்கள் வேலை பார்த்திருக்கிறேன். இப்போது ஆய்வுகளுக்கு அனுமதி கொடுக்கும் நெறிமுறைக் குழுவில் உட்கார்ந்து, உங்கள் கையில் இருப்பதைப் போன்ற படிவங்களைத்தான் வரிவரியாகப் படிக்கிறேன். அதனால் கண் தானாகவே அங்கே போகிறது. ஆபரேஷன் இலவசம், கருவி இலவசம், சரி. அந்தக் கருவியின் பேட்டரி தீரும்போது?

என்ன வைக்கிறார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தலைக்குள் போவது ஒன்றேகால் மில்லிமீட்டர் தடிமனுள்ள மெல்லிய கம்பி. பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. அதன் நுனியருகே சின்னச் சின்ன உலோக வளையங்கள் இருக்கும். மறுமுனை காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் இறங்கி, கழுத்து வழியாக வந்து, காறை எலும்புக்குக் கீழே புதைத்த ஒரு பெட்டியில் சேரும். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய, தட்டையான பெட்டி. அதற்குள்தான் பேட்டரி. அங்கிருந்து நொடிக்குச் சுமார் 130 தடவை மிகச் சிறிய மின்துடிப்பு மூளையின் குறிப்பிட்ட ஒரு புள்ளிக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஆழ்மூளைத் தூண்டல், சுருக்கமாக டிபிஎஸ் என்பது இதுதான். 1987இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் அலிம் லூயி பெனாபிட் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், இப்படி வேகமாகத் தூண்டினால் கை நடுக்கம் நின்றுவிடுகிறது என்று கண்டார். இந்த மருத்துவம் அங்கிருந்து வளர்ந்தது. பார்கின்சன், நடுக்க நோய் ஆகியவற்றுக்காக உலகம் முழுக்க ஒரு லட்சம் பேரையும் தாண்டி இதைப் பொருத்திக்கொண்டிருக்கிறார்கள். ஓசிடிக்காகப் பொருத்திக்கொண்டவர்கள் சில நூறு பேர்தான். இந்த இரண்டு எண்ணிக்கைக்கும் நடுவே உள்ள இடைவெளியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரிக்கு வருகிறேன். பார்கின்சன் நோயாளிக்கு வைக்கும் சாதாரண பேட்டரி மூன்று முதல் ஐந்து வருடம் உழைக்கும். ஓசிடிக்குப் பொதுவாகக் கூடுதல் மின்சாரம் தேவைப்படுகிறது. அதே பேட்டரி ஒன்றிரண்டு வருடத்திலேயே தீர்ந்துவிடலாம். மாற்றுவது சின்ன ஆபரேஷன்தான், மூளைப் பக்கம் போக வேண்டியதில்லை. ஆனால் பெட்டி மொத்தத்தையும் மாற்ற வேண்டும், அது விலை உயர்ந்த பெட்டி. உங்கள் தம்பிக்கு 36 வயது. கருவி பலன் தந்தால் இன்னும் முப்பது நாற்பது வருடம் அது ஓட வேண்டும். ஆய்வோ இரண்டு மூன்று வருடத்தில் முடிந்துவிடும். நன்றாக இருப்பவருக்குப் பேட்டரி திடீரென்று தீர்ந்தால் நோய் மெதுவாகத் திரும்புவதில்லை. சில நாளில், சிலருக்குச் சில மணி நேரத்தில், முன்பைவிட மோசமான மனநிலையோடு வந்து நிற்கும். ஒருவர் இரவில் போன் செய்து, "டாக்டர், எல்லாம் திரும்ப வந்துடுச்சு" என்று அழுதார். மறுநாள் கருவியைச் சோதித்தபோது பேட்டரி உயிரை விட்டிருந்தது. அன்றைக்கு மாற்றுப் பெட்டிக்கு யார் பணம் கொடுப்பது என்று முடிவாக ஐந்து வாரம் ஆயிற்று. அந்த ஐந்து வாரத்தை அவர் குடும்பம் இன்னும் பேசுகிறது.

சார்ஜ் செய்துகொள்ளும் பேட்டரி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. தோலின் மேல் சார்ஜரை வைத்து நாமே ஏற்றிக்கொள்ளலாம், பெட்டியும் பத்து வருடத்துக்கு மேல் வரும். ஆனால் அடுப்புத் திருகைப் படம் எடுத்துப் படம் எடுத்துப் போனை நிரப்பியவர் கையில் 'சார்ஜ் எவ்வளவு மீதம்' என்று காட்டும் ஒரு திரையைக் கொடுத்தால் என்ன ஆகும்? நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சரிபார்க்கும் பழக்கம் உள்ள நோயாளிகளுக்கு எந்த வகைப் பேட்டரி என்று தீர்மானிக்கும்போது இந்தத் துறையில் உண்மையாகவே இதைப் பேசுவார்கள். உங்கள் தம்பிக்கு எதை வைக்கப்போகிறார்கள், ஏன் என்று கேளுங்கள்.

ஆய்வு முடிந்த மறுநாள் என்ன ஆகும் என்ற கேள்வியை மற்றவர்கள் கேட்காமல் விட்டதன் பலனை உலகம் பார்த்திருக்கிறது. செகண்ட் சைட் என்ற அமெரிக்க நிறுவனம் பார்வை இழந்தவர்களுக்காக விழித்திரையில் பொருத்தும் ஆர்கஸ் என்ற கருவியைச் செய்தது. 350 பேருக்கும் மேல் பொருத்திக்கொண்டார்கள். 2019இல் நிறுவனம் அந்தக் கருவியைக் கைவிட்டது; அடுத்த வருடம் திவாலாகும் நிலைக்கே போனது. கண்ணுக்குள் கருவி இருக்கிறது, பழுது பார்க்க ஆள் இல்லை. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் வலிப்பு வரப்போவதை முன்கூட்டியே சொல்லும் மூளைக் கருவி ஒன்றை 15 பேருக்குப் பொருத்திப் பார்த்தார்கள். ஆய்வு முடிவு 2013இல் வெளியானது. அதைச் செய்த நிறுவனத்திடம் பணம் தீர்ந்ததும் கருவிகளை எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு பெண்மணி, எடுக்காதீர்கள், இது என்னில் ஒரு பகுதியாகிவிட்டது என்று எவ்வளவோ போராடிப் பார்த்தார். முடியவில்லை.

உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கி பிரகடனம், ஆய்வில் பலன் பெற்றவர்களுக்கு ஆய்வு முடிந்த பிறகும் அந்தச் சிகிச்சை கிடைக்க முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. பிரகடனம் பேட்டரி வாங்கிக் கொடுக்காது. படிவத்தில் எழுதியிருக்க வேண்டும். 28 பக்கத்தில் அந்த வரி எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் கடைசி ஐந்தாறு பக்கத்துக்குள், 'ஆய்வு நிறைவு' என்பது போன்ற தலைப்பில், "ஆய்வுக்குப் பின் உங்கள் வழக்கமான மருத்துவரிடம் சிகிச்சையைத் தொடரலாம்" என்று ஒரு சாதுவான வாக்கியம் இருக்கும். அதற்கு அர்த்தம், எங்கள் பொறுப்பு அதோடு முடிந்தது என்பதுதான். உங்கள் வழக்கமான மருத்துவரால் அந்தக் கருவியை இயக்கவே முடியாது. அதற்கென்று தனிக் கருவியும் பயிற்சியும் வேண்டும்.

அப்பாவின் கேள்வியை யாரும் பழைய காலத்துப் பயம் என்று ஒதுக்க வேண்டாம். 1935இல் எகாஸ் மோனிஸ் என்ற போர்ச்சுகல் மருத்துவர் மனநோய்க்காக மூளையின் முன்பகுதி நரம்பிழைகளை வெட்ட ஆரம்பித்தார். 1949இல் அதற்கு நோபல் பரிசே கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் மந்தமாகி, 'அவர்களாக இல்லாமல்' போனார்கள். அந்த ஞாபகம் உலகத்துக்கு இருப்பது நல்லதுதான். டிபிஎஸ் அப்படி வெட்டுவது கிடையாது. மின்சாரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம், கம்பியை வெளியே எடுக்கவும் செய்யலாம். சரியாக அமைந்தால் ஆள் மாறுவதில்லை. நோய் அடைத்துக்கொண்டிருந்த இடம் காலியாகிறது, அவ்வளவுதான்.

ஆனால் 'ஒன்றும் மாறாது' என்று உங்கள் அப்பாவிடம் யாராவது சொன்னால் அது பொய். மின்சாரத்தைக் கூட்டிய சில நாளில் சிலருக்கு மனம் எல்லை மீறி உற்சாகமாகிவிடும். எங்களிடம் வந்த ஒருவர் இரவில் மூன்று மணி நேரம்தான் தூங்கினார். பத்து வருடம் பேசாத நண்பர்களுக்கெல்லாம் விடியற்காலையில் போன் போட்டார். ஒரே வாரத்தில் மூன்று வியாபாரத் திட்டம் போட்டார். "வாழ்க்கையிலேயே இப்பதான் டாக்டர் நல்லா இருக்கேன்" என்றார். அவருக்கு அதில் தப்பே தெரியவில்லை. "இது இவர் இல்ல" என்று முதலில் சொன்னது அவர் மனைவி. மின்சாரத்தைக் கொஞ்சம் குறைத்தோம், இரண்டு நாளில் தணிந்தார். உங்கள் வீட்டில் அந்தக் கண் உங்களுடையதாக இருக்கும் என்று நினைக்கிறேன். மருத்துவக் குழுவை நேரடியாகக் கூப்பிட உங்களுக்கு அனுமதி உண்டா என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு மாற்றத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. நோய் குறைந்த பிறகு சிலர் தடுமாறுவார்கள். பதினான்கு வருடம் ஒரு நாளின் ஆறேழு மணி நேரத்தைச் சரிபார்ப்பது தின்றுகொண்டிருந்தது. அது போனால் அந்த நேரத்தில் என்ன செய்வது? வேலை இல்லை, நண்பர்கள் தூரமாகிவிட்டார்கள், வீட்டில் எல்லோரும் 'இப்போதுதான் சரியாகிவிட்டதே' என்று எதிர்பார்க்கிறார்கள். கருவி வேலை செய்கிறது, மனிதர் வெறுமையாக உட்கார்ந்திருக்கிறார். இதையும் பார்த்திருக்கிறேன்.

ஆபரேஷனின் ஆபத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன், இதைப் படிவமே நன்றாகச் சொல்லும். நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு மூளையில் ரத்தக்கசிவு வரலாம். எல்லாக் கசிவும் நிரந்தரப் பாதிப்பில் முடிவதில்லை, சில முடியும். பெட்டி இருக்கும் இடத்தில் தொற்று வருவது அதைவிட அதிகம். வந்தால் சில சமயம் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டியிருக்கும். பிறகு வாழ்நாள் முழுக்க எம்ஆர்ஐ எடுக்க நிபந்தனைகள் உண்டு. உடலுக்குள் வெப்பம் செலுத்தும் டயாதெர்மி என்ற பிசியோதெரபி முறை கூடவே கூடாது.

சரி, பலன் இருக்குமா? 2008இல் பிரான்சிலிருந்து ஓர் ஆய்வு வெளியானது. கடுமையான ஓசிடி உள்ள 16 பேர். மூன்று மாதம் மின்சாரத்தோடு, மூன்று மாதம் இல்லாமல். எது எப்போது என்று நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிடும் மருத்துவருக்கும் தெரியாது. நோயின் கடுமையை 40க்கு அளக்கும் அளவுகோலில், மின்சாரம் ஓடிய காலத்துக்குப் பிறகு சராசரி 19, ஓடாத காலத்துக்குப் பிறகு 28. நல்ல வித்தியாசம்தான். அதே ஆய்வில் ஒருவருக்கு மூளையில் ரத்தக்கசிவும் ஏற்பட்டது. மற்ற ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் பத்தில் ஆறு பேருக்குக் குறிப்பிடத்தக்க பலன் கிடைத்திருக்கிறது. பலன் என்றால் நோய் மறைந்தது என்று அர்த்தமில்லை. மூன்றில் ஒரு பங்காவது குறைந்தது என்று அர்த்தம். ஐம்பது தடவை அடுப்பைப் பார்ப்பவர் முப்பது தடவை பார்த்துவிட்டு வீட்டை விட்டு வெளியே போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2009இல் அமெரிக்க அரசு ஓசிடிக்கு இதை அனுமதித்ததே என்று ஆய்வுக் குழு சொல்லலாம். அது முழு அனுமதி இல்லை. மிகச் சிலருக்கே தேவைப்படும் கருவிகளுக்காக மனிதாபிமான விலக்கு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அதன் கீழ் வந்தால் பலனைப் பெரிய ஆய்வால் நிரூபிக்க வேண்டியதில்லை. அதனால்தான் இன்னும் ஆய்வு தேவைப்படுகிறது, அதனால்தான் உங்கள் தம்பியைக் கூப்பிடுகிறார்கள்.

மின்சாரம் இல்லாத மூன்று மாதத்தை ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம். அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 2005இல் கனடாவின் டொரான்டோவில் ஹெலன் மேபர்க் என்ற நரம்பியல் மருத்துவரின் குழு, எந்தச் சிகிச்சைக்கும் மசியாத மனச்சோர்வு உள்ள ஆறு பேருக்கு இப்படிப் பொருத்தியது. நான்கு பேர் நன்றாகத் தேறினார்கள். மின்சாரம் கொடுத்த கணத்திலேயே, அறுவை மேசையில் படுத்தபடியே, மனசு திடீரென்று அமைதியானது என்று சொன்னவர்கள் உண்டு. உலகமே பரபரப்பானது. பிறகு அமெரிக்காவில் 90 பேரை வைத்து, சிலருக்கு மட்டும் மின்சாரம் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு மாத முடிவில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை. மின்சாரம் வந்தவர்களில் ஐந்தில் ஒருவர் தேறினார். வராதவர்களிலும் ஏறக்குறைய அதே அளவு. ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். ஆனால் கருவியை அப்படியே வைத்துக்கொண்டு தொடர்ந்தவர்களில் இரண்டு வருட முடிவில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் தேறியிருந்தார்கள். ஆறு மாதம் போதவில்லையா, கம்பி போய்ச் சேர்ந்த இடம் ஆளுக்கு ஆள் சரியாக இல்லையா, அல்லது காலம்தான் ஆற்றியதா? இன்றுவரை விவாதம் ஓய்ந்தபாடில்லை. நம்பிக்கை மட்டுமே ஒருவரை எவ்வளவு தூரம் தூக்கிவிடும் என்பதை மின்சாரம் இல்லாத கூட்டத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அந்தக் கூட்டத்தில் உங்கள் தம்பி விழுந்து, அவர் நிலை மோசமானால் எந்தக் கட்டத்தில் மூன்று மாதத்தை முறித்து மின்சாரத்தைக் கொடுப்பார்கள்? அதற்கு விதி இருந்தாக வேண்டும்.

இடையில் ஒன்று. செய்திகளில் வரும் எலான் மஸ்க்கின் மூளைச் சிப்பையும் இதையும் வீட்டில் யாரும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 2024 ஜனவரியில் முதல் மனிதருக்குப் பொருத்தியது, கை கால் அசையாதவரின் எண்ணத்தைப் படித்துக் கணினியை இயக்கும் கருவி. உங்கள் தம்பிக்கானது மூளைக்குள் மின்சாரத்தைச் செலுத்துவது. புதிய டிபிஎஸ் பெட்டிகள் சில மூளையின் சமிக்ஞையைப் பதிவும் செய்யும்; அந்தப் பதிவு யாரிடம் இருக்கும் என்று ஒரு வரி கேட்டுக்கொண்டால் போதும்.

இனி உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய இன்னொரு சொல்: கவுன்சிலிங். இந்த அறுவைக்குப் போகுமுன் ஒருவர் சில சிகிச்சைகளை முழுமையாக முடித்திருக்க வேண்டும். உச்ச அளவில், மூன்று மாதமாவது, இரண்டு மூன்று மருந்துகள், க்ளோமிப்ரமின் என்ற பழைய மருந்து, துணை மருந்துகள், இவற்றோடு இஆர்பி என்ற பயிற்சி. இஆர்பியில் உட்கார்ந்து மனம் விட்டுப் பேசுவது முக்கியம் இல்லை. சிகிச்சையாளர் பக்கத்தில் நிற்க, உங்கள் தம்பி அடுப்பை அணைப்பார், படம் எடுக்காமல் திரும்புவார், கதவைச் சாத்துவார், போனைத் தொடாமல் தெருமுனை வரை நடப்பார். நெஞ்சு படபடக்கும். அது தானாகத் தணியும்வரை திரும்பிப் போகக் கூடாது. மறுநாள் மறுபடியும். இருபது தடவையாவது. இரண்டு இடத்திலும் நடந்தது இதுவா, அல்லது 'பாசிட்டிவாக யோசியுங்கள்' என்ற பேச்சா? பேச்சுதான் என்றால், மண்டையில் துளை போடுமுன் செய்ய வேண்டிய முக்கியமான ஒன்று இன்னும் பாக்கி இருக்கிறது. கருவி வைத்த பிறகும் இஆர்பி தேவைப்படும். மின்சாரம் பிடியைத் தளர்த்தும், அடுப்பைத் திரும்பிப் பார்க்காமல் நடக்க அவர்தான் பழக வேண்டும்.

ஐந்து மாத்திரை என்று எழுதியிருக்கிறீர்கள். எது, எவ்வளவு அளவில், எத்தனை வாரம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எழுதும்போதே சில ஓட்டைகள் உங்களுக்குத் தெரியும்.

கடைசியாகத் தம்பி சொன்னது: "எதுவானாலும் சரி." அதைப் படித்தபோது சந்தோஷப்படவில்லை. களைத்துப்போனவர் கையெழுத்துப் போடுவதும் யோசித்தவர் கையெழுத்துப் போடுவதும் படிவத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். அவரிடம் தனியாக உட்கார்ந்து, "இது பலிக்கலன்னா என்ன பண்ணுவ?" என்று நேராகக் கேளுங்கள். "அப்புறம் என்ன இருக்கு" என்பது போல ஏதாவது வந்தால், உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. இருக்கிறது என்றால் ஆய்வு காத்திருக்கட்டும், அன்றே அவருடைய மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். கடைசி வழி என்று நம்பி வந்தவர்களுக்கு அது பலிக்காமல் போகும்போது விழும் அடி பெரியது.

எந்த நேரமும் ஆய்விலிருந்து விலகலாம் என்று படிவம் சொல்லும். அது உண்மை. ஆனால் மாத்திரை ஆய்வில் விலகுவது என்றால் மாத்திரையை நிறுத்துவது. இதில் தலைக்குள் கம்பி இருக்கும். விலகினால் யார் எடுப்பார்கள், யார் செலவில், எடுக்காவிட்டால் யார் கண்காணிப்பார்கள்? இதையும் பேட்டரியையும் பற்றி ஆய்வுக் குழுவிடம் கேளுங்கள். "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்று நல்ல மனதோடுதான் சொல்வார்கள். பாத்துக்கலாம் என்ற அந்த இளம் மருத்துவர் பத்து வருடம் கழித்து அங்கே இருக்கமாட்டார். எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால், என் கருத்து: கையெழுத்து வேண்டாம்.

எழுதித் தந்து, இஆர்பியும் முறையாக முடிந்திருந்து, தம்பியும் நிதானமாகச் சரி என்றால் நான் தடுக்கமாட்டேன். இந்த வாரம் அந்த 28 பக்கத்தையும் அவரே படிக்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பார், அது நோயின் வேலை; ஒரு பக்கத்துக்கு இரண்டு தடவை என்று கணக்கு வைத்து அடுத்த பக்கத்தைத் திருப்பிவிடுங்கள். புரியாத இடத்தில் பென்சிலால் கோடு போடட்டும். குழுவைச் சந்திக்கும்போது அந்தக் கோடுகளைக் காட்டி அவரே கேட்கட்டும், நீங்கள் முந்த வேண்டாம். எழுத்தில் பதில் வந்ததும், பெயர்களை அடித்துவிட்டு ஒரு நகல் எனக்கு அனுப்புங்கள். படித்துவிட்டு எழுதுகிறேன்.